பின்னறைத் தாகம்

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று மாலையே அவர் கட்டிலில் அடுக்கியிருந்த தலையணைகளை ஒவ்வொன்றாக உருவிச் சுவரோரம் போட்டுவிட்டு, தலைக்கு ஒன்றுகூட இல்லாமல், பலகையில் கிடத்திவைத்த மாதிரி மல்லாந்து நீட்டிப் படுத்துக்கொண்டார்.

அவர் மனைவி மாத்திரைப் பையைக் கையில் பிடித்தபடி அறை வாசலிலேயே நின்றாள். படுத்தவர் இருமவில்லை. மூச்சுக்குத் தவித்து எழுந்து உட்காரவில்லை. கண்ணை மூடினார், தூங்கிவிட்டார். அவ்வளவுதான்.

சந்தோஷப்பட வேண்டிய காட்சிதான். இதற்காகத்தானே இத்தனை அலைச்சலும். ஆனால் வெகுநேரம் மடக்கி வைத்திருந்த கால் மாதிரி அவளுக்கு உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது, கிள்ளினாலும் தெரிந்திருக்காது. பக்கத்தில் போய் அவர் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்தது. சீராக, சத்தமே இல்லாமல், கொஞ்சம் குளிர்ச்சியாக. திறந்த ஃப்ரிட்ஜுக்கு முன்னால் விரலை நீட்டியது போல. விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு விளக்கை அணைத்தாள். ஏன் துடைத்தோம் என்று பிறகுதான் யோசித்தாள்.

வருடக்கணக்காக அவர் படுத்துத் தூங்கியதில்லை. தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்கிற வேலை அவருக்கு. கூட்டாளிகள் அவரை மோட்டார் என்றே கூப்பிடுவார்கள். ஒருநாள் ஒரு மாடிவீட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்பேனரும் கையுமாகச் சுருண்டு விழுந்தார். மாரடைப்பிலிருந்து உயிர் தப்பியது. ஆனால் இதயம் பழைய ரப்பர் பலூன் மாதிரி தொய்ந்து விரிந்துவிட்டது. அதற்குப் பிறகு படுத்தால் மூச்சு முட்டும். பின்னறையில் ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலியைப் போட்டு, பகலும் இரவும் அதில்தான். அவள் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பாள். டம்ளரின் அடியில் மிஞ்சியதை ஸ்ட்ராவால் உறிஞ்சுகிற மாதிரி ஈரமான ஒரு சத்தம். உள்ளே போகும்போது ஒரு கொரகொரப்பு, வெளியே வரும்போது ஒரு சின்ன விசில், அப்புறம் எதுவுமே இல்லாத ஓர் இடைவெளி, அந்த இடைவெளி முடிகிற வரைக்கும் அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். கால் இரண்டும் தூண் தூணாக வீங்கியிருந்தன. கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும். விழுந்த குழி மேலே வர நேரமாகும்.

உடம்பெல்லாம் தண்ணீர், வாய்க்குத்தான் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு ஜக், அதற்குமேல் ஒரு சொட்டும் கூடாது என்பது டாக்டரின் கட்டளை. அந்த ஜக்கை அவள் சமையலறை அலமாரியின் உச்சியில் வைத்திருந்தாள்.

“வாட்டர் போர்டு இன்னிக்குத் திறக்குமா?” என்று அவளைக் கேலியாகக் கேட்பார் பின்னறையிலிருந்து.

“சாயங்காலம்தான்.”

“லஞ்சம் கிஞ்சம் வாங்குவாங்களா?”

முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டாள். கடைசியில் அதுவும் விட்டுப்போயிற்று. அவர் கெஞ்சுவார். ஜன்னல் கண்ணாடியில் படிந்திருக்கும் ஈரத்தை விரலால் வழித்து நாக்கில் வைத்துக்கொள்வார். அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். மனதைக் கல்லாக்கிக்கொண்டால்தான் செய்யமுடிகிற வேலை அது. கல்லாக்கினாள். திரும்ப இளக்குவது எப்படி என்றுதான் தெரியவில்லை.

மாத்திரைகளை ஏற்றியும் மாற்றியும் பார்த்த பிறகு, இதய டாக்டர் ஒருநாள் இருவரையும் எதிரே உட்காரவைத்து, இரண்டு கைகளையும் மணிக்கட்டில் சேர்த்து மூடித் திறந்து காட்டிச் சொன்னார்.

“உள்ள ரெண்டு இதழ் உள்ள ஒரு வால்வு இருக்குங்க. ரத்தம் முன்னால போனதும் அது மூடிக்கணும். உங்களுக்கு இதயம் விரிஞ்சிட்டதால ரெண்டு இதழும் ஒண்ணோட ஒண்ணு தொட மாட்டேங்குது. ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் பின்னால ஒழுகி நுரையீரல் பக்கம் தேங்குது.”

“கிணத்துக் குழாய் அடியில இருக்கிற ஃபுட் வால்வு போயிடுச்சுன்னு சொல்லுங்க,” என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டே. “மோட்டார் என்னமோ ஓடுது. தண்ணி ஏறுறதுக்குள்ள திரும்பக் கிணத்துக்கே போயிடுது.”

டாக்டர் சிரித்துவிட்டார். “அதேதான். நெஞ்சைத் திறக்கிற ஆபரேஷனை உங்க உடம்பு தாங்காது. தொடைப்பக்கம் ரத்தக்குழாய் வழியா ஒரு டியூப் விட்டு, ரெண்டு இதழையும் நடுவுல சேர்த்து ஒரு கிளிப் மாட்டிடலாம்.”

“துணி காயப்போடற கிளிப்பா டாக்டர்?”

“அதவிட ரொம்பச் சின்னது.”

அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “பின்னால போயிட்டிருந்ததெல்லாம் இனிமே எங்க போகும்?”

“எங்கயும் போகாதும்மா,” என்றார் டாக்டர். “வர்ற வழிய அடைச்சிடுவோம்.”

அப்படியே செய்தார்கள். சிகிச்சை முடிந்ததும் எக்கோ ஸ்கேன் அறையின் இருட்டில் டாக்டர் அவளுக்குத் திரையைக் காட்டினார். முன்பு எடுத்த படத்தில், ஒவ்வொரு துடிப்புக்கும் நீலமும் மஞ்சளுமாக ஒரு சுடர் பின்பக்கமாகச் சீறிக்கொண்டிருந்தது. இப்போது அந்த இடத்தில் ஒரு நூலிழை. அதுவும் உற்றுப் பார்த்தால்தான். “அருமையா உட்கார்ந்திருக்கு,” என்றார் டாக்டர். அவள் தலையாட்டினாள். எல்லோரும் அவள் அழுவாள் என்று எதிர்பார்த்து டிஷ்யூ பெட்டியைக்கூட நகர்த்தி வைத்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு கவனித்தாள்: அவர் தண்ணீர் கேட்கவில்லை.

ஜக்கை அலமாரியிலிருந்து இறக்கிக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்தாள். காலையில் ஊற்றியது மாலைவரை அப்படியே இருந்தது. “தாகமில்ல,” என்றார். மாத்திரைக்குக்கூட உதட்டை நனைக்கிற அளவுதான். கால் வீக்கம் வடிந்து, தோல் சுருங்கி, எலும்பு தெரிந்தது. மருத்துவமனையிலிருந்து தினமும் போன் செய்கிற நர்ஸ், எடை குறைகிறது என்று இவள் சொன்னதும், “சூப்பர்மா, நீரெல்லாம் நல்லா இறங்குது,” என்றாள்.

ஒருநாள் அவள் தானாகவே சொல்லிப் பார்த்தாள். “வாட்டர் போர்டு இப்பல்லாம் திறந்தேதாங்க இருக்கு.”

அவர் நிதானமாகத் திரும்பி அவளைப் பார்த்தார். மரியாதையான, சுத்தமான பார்வை. அடுத்த வீட்டுக்காரரைப் பார்க்கிற பார்வை.

“என்னது?” என்றார்.

“ஒண்ணுமில்ல,” என்றாள்.

அதற்கு அடுத்த சில நாட்களில் ஒரு மத்தியானம். சாப்பாடு முடிந்து, தெரு அடங்கி, வெயில் திரைச்சீலையில் மஞ்சளாகத் தேங்கி நிற்கிற நேரம். அவர் படுக்கையறையில் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இடுப்பில் நிற்காமல் நழுவுகிற அவருடைய பேன்ட்டைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி துணிக்குள் நுழைகிற சத்தம்கூடக் கேட்கிற அமைதி. அந்த அமைதிக்கு அடியில், முதலில் பக்கத்துவீட்டுக் குழாயோ என்று தோன்றுகிற மாதிரி, ஒரு கொரகொரப்பு. ஒரு சின்ன விசில். ஓர் இடைவெளி. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள், பழக்கம். மறுபடி கொரகொரப்பு. அதன் பிறகு இரண்டு இருமல், தொண்டையை ஒரு செருமல்.

“ஏம்மா. ஒரு வாய் தண்ணி.”

அவள் எழுந்தாள். கால்கள் தாமாக நடந்தன. சமையலறைக்குப் போய், கை அலமாரியின் உச்சியைத் துழாவி ஜக்கைக் காணாமல், குடிநீர்க் குழாயைத் திறந்து டம்ளரில் பாதி பிடித்து, அளவு சரிதானா என்று வெளிச்சத்தில் பார்த்து, பின்னறைக்குப் போகிற நடையில் பாதி தூரம் வந்த பிறகுதான் நின்றாள்.

திரும்பிப் பார்த்தாள். படுக்கையறைக் கதவு வழியாகக் கட்டிலில் அவருடைய பாதங்கள் தெரிந்தன. மெலிந்த, வறண்ட பாதங்கள்.

முன்னால் பார்த்தாள். பின்னறைக் கதவு ஒருக்களித்திருந்தது. இடுக்கில் நாற்காலியின் ஒரு கால் மட்டும் தெரிந்தது. கொரகொரப்பு. விசில்.

டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, சத்தம் எழாமல் பின்னோக்கியே நடந்து வந்து, தைக்க உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பொழுது சாய்ந்து போய்ப் பார்த்தபோது டம்ளர் கவிழ்ந்து கிடந்தது. தரை காய்ந்திருந்தது.

வேறு ஊரில் இருக்கிற மகளிடம் போனில் சொன்னாள்.

“காது பழகிடுச்சும்மா,” என்றாள் மகள். “எத்தனை நாள் கேட்ட சத்தம் அது. ரயில்ல போயிட்டு வந்தா வீட்லயும் ஆடுற மாதிரி இருக்கும்ல, அது மாதிரிதான். நல்லாத் தூங்கும்மா. இனிமே உன்னப் பாத்துக்க.”

“சரி,” என்றாள். சரியாகத்தான் பட்டது. ஆனாலும் மறுநாள் மத்தியானம் அவள் படுக்கையறையை விட்டு நகரவில்லை. கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் உதடு அசையவில்லை. மார்பு லேசாக ஏறி இறங்கியது.

“ஏம்மா.” பின்னறையிலிருந்து.

அவளுடைய முழங்கால் எழுந்திருக்கப் பார்த்தது. கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“ஏம்மா, போர்டுல யாராவது இருக்கீங்களா?”

“அதுக்குத் தண்ணி குடுக்காத,” என்றார் கட்டிலில் கிடந்த அவர்.

கண்ணைத் திறக்கவில்லை. குரலில் ஏற்ற இறக்கமில்லை. மின்விசிறியை அணைக்கச் சொல்வது போலச் சொன்னார்.

அவள் அவர் தோளைப் பிடித்தாள். “உங்களுக்கும் கேக்குதா? யாருங்க அது?”

“இத்தனை நாளா நீ பாத்துக்கிட்ட ஆளு.” சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். “குடுத்தா எந்திரிச்சிரும்.”

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் திரையைப் பார்த்து மகிழ்ந்துபோனார். “இவ்வளவு நல்லா வரும்னு நானே எதிர்பாக்கலம்மா. தினமும் நடக்கட்டும்.” அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு, “நன்றி டாக்டர்,” என்றார். ஃபுட் வால்வு பற்றி டாக்டர்தான் ஞாபகமாகக் கேட்டார். இவர் லேசாகத் தலையசைத்தார்.

வெளியே வரும்போது நர்ஸ் அவள் தோளைத் தொட்டாள். “ரொம்ப இளைச்சிட்டீங்கம்மா. சார் உட்கார்ந்திருந்த நாற்காலி, அந்த பெட்பேன், எல்லாத்தையும் முதல்ல வீட்ட விட்டு வெளிய தள்ளுங்க. அதப் பாத்துட்டே இருந்தா மனசு தேறாது.”

இதுவும் சரியாகப் பட்டது. அவளுக்கு இப்போதெல்லாம் யார் எது சொன்னாலும் சரியாகத்தான் பட்டது.

பழைய சாமான் வாங்குகிற தள்ளுவண்டிக்காரர் மறுநாள் காலை பத்துமணி வெயிலில் வந்தார். ஆள் வாட்டசாட்டம், வாய்க்குப் பூட்டே கிடையாது. வீட்டுக்காரர் நடக்கப் போயிருந்தார். வாசலில் நின்றால் தெருக்கோடியில் அவர் வெள்ளைச் சட்டை கைவீசிப் போவது தெரிந்தது. அவள் வாசலிலேயே நின்றுகொண்டு, “நேராப் போய்க் கடைசி ரூம். ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி. காசெல்லாம் ஒண்ணும் வேண்டாம், எடுத்துட்டுப் போனாப் போதும்,” என்றாள்.

“இந்தக் காலத்துல இப்படிச் சொல்றவங்கள ஃப்ரேம் போட்டு மாட்டணும்,” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

நாற்காலி இழுபடுகிற சத்தத்துக்காக அவள் காத்திருந்தாள். சத்தம் வரவில்லை. பேச்சுக்குரல்தான் கேட்டது. வண்டிக்காரர் ஏதோ சொன்னார். சிரித்தார். பாட்டில் மூடி திருகுகிற சத்தம். பிறகு மெதுவாக நடந்து வெளியே வந்தார். முகத்தில் பயமில்லை. ஒருவித சங்கடம் மட்டும்.

“என்னம்மா நீங்க. ஆளு உட்கார்ந்திருக்கும்போதே எடுக்கச் சொல்றீங்க.”

அவள் நடைப்பக்கம் பார்த்தாள்.

“பாவம்மா பெரியவர். கால் என்னமா வீங்கிக் கெடக்கு. எந்திரிக்க முடியலன்னாரு. அப்பவும் சிரிக்கச் சிரிக்கப் பேசுறாரு. ஏதோ வாட்டர் போர்டு ஸ்ட்ரைக்காம்.” சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “தண்ணி கேட்டாரும்மா. எம் பாட்டில்ல இருந்ததக் குடுத்துட்டேன். மடமடன்னு குடிச்சிட்டாரு. குடுக்கக் கூடாதா?”

கையில் இருந்த காலிப் பாட்டிலை ஆட்டிக் காட்டினார். நசுங்கி, காற்றே இல்லாமல் உறிஞ்சப்பட்டு, தகடு மாதிரி இருந்தது.

பழைய சாமான்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போன பிறகும் அவள் வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றாள். தெருக்கோடியில் வெள்ளைச் சட்டை திரும்பி வந்துகொண்டிருந்தது. வெகுதூரத்திலிருந்தே அவர் அவளைப் பார்த்துவிட்டது தெரிந்தது. நடை மாறவில்லை. பக்கத்தில் வந்து, வீட்டுக்குள் மூக்கை நீட்டி மோந்து பார்த்து, “யாரு குடுத்தது?” என்றார்.

பின்னறைக் கதவை அன்றைக்குத் தாழ் போட்டாள். மகளுக்கு போன் செய்து, கொஞ்சநாள் அவள் வீட்டில் வந்து இருக்கட்டுமா என்று கேட்க நினைத்தாள். அங்கே போனால் இங்கே இவரை யார் பார்ப்பது என்று மகள் கேட்பாள். எவரை என்று இவள் கேட்க வேண்டியிருக்கும். போனை வைத்துவிட்டாள்.

கதவு மூடிய பிறகு குரல் இன்னும் தெளிவாகக் கேட்டது. மத்தியானம் மட்டும் வந்தது இப்போது விளக்கு வைக்கிற நேரத்திலும் வந்தது. சமையலறையில் குழாயைத் திறந்தால் உடனே நிமிர்ந்து உட்காருகிற மாதிரி நாற்காலி முனகும். அவள் குழாயைச் சொட்டுச்சொட்டாகத் திறந்து பாத்திரம் கழுவினாள். சொட்டும் அதற்குக் கேட்டது.

படுக்கையறையில் இருந்தவர் நன்றாகத்தான் இருந்தார். வேளாவேளைக்கு மாத்திரை. சொன்ன நேரத்துக்கு நடை. சட்டையைத் தானே மடித்து வைத்தார். ஆனால் நாளுக்கு நாள் காகிதமாகிக்கொண்டிருந்தார். அவர் கட்டிலில் ஏறிப் படுத்தால் மெத்தை அமுங்குவதில்லை. பக்கத்தில் படுத்திருக்கிற அவளுக்கு ஆள் இருப்பதே தெரிவதில்லை. அவரிடமிருந்து வியர்வை வாசம், எண்ணெய் வாசம், எதுவும் வரவில்லை. ஒருநாள் அவள் அழ முயன்றாள், அவர் முன்னால், வேண்டுமென்றே. அவர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தலைவலியா?” என்றார்.

அன்று மாலை மின்சாரம் போயிற்று. தெரு முழுக்க இருட்டாகவில்லை; அந்தி வெளிச்சம் ஜன்னல்களில் சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மின்விசிறி சுற்றி ஓய்ந்ததும் வீட்டின் ஒவ்வொரு சத்தமும் கூர்மையாயிற்று.

“ஏம்மா.”

அவள் கையில் டம்ளர் தண்ணீரோடு நடையில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“ஏம்மா, ஒண்ணு கேக்கவா? நான் செத்துட்டேனா?” கொரகொரப்பு. விசில். இடைவெளி. “எங்கிட்ட யாருமே சொல்லலியே. டாக்டர் கிளிப்புன்னுதானே சொன்னாரு.”

அவள் நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டாள். மரம் ஈரமாக இருந்தது.

“கோவமா இருக்கியா? மீட்டர் வேணும்னாலும் போட்டுக்க. ஒரு வாய்.”

அந்தக் குரலில் இருந்த சிரிப்பு அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில், வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நின்றபோது கேட்ட சிரிப்பு. படுக்கையறையில் இருந்தவரிடம் அது இல்லை. எங்கும் இல்லை. இந்தக் கதவுக்குப் பின்னால் மட்டும்தான் இருந்தது.

தாழைத் திறந்தாள்.

ஊறிய கம்பளியும், மருந்தும், கிணற்றிலிருந்து தூக்கிய பழைய இரும்புக் குழாயும் கலந்த வாசம் முகத்தில் வந்து ஒட்டியது. நாற்காலியில் ஒரு பெரிய இருட்டு நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பாதங்களைப் பார்த்தாள். தோல் பளபளவென்று விறைத்து, அதிலிருந்து நீர் முத்துமுத்தாகத் துளிர்த்து இறங்கிக்கொண்டிருந்தது. டம்ளரை நீட்டினாள். ஒரு கை வாங்கிக்கொண்டது. அவளுடைய கட்டைவிரல் அந்தப் புறங்கையில் பட்டுக் குழி விழுந்தது. குழி அப்படியே இருந்தது.

குடிக்கிற சத்தம் நெடுநேரம் உள்ளே இறங்கிக்கொண்டே போயிற்று.

“இன்னும்.”

ஜக்கைக் கொண்டுவந்தாள். குழாயை முழுசாகத் திறந்தாள். பாத்திரங்களைக் கொண்டுவந்தாள். போகவும் வரவும், போகவும் வரவும், எத்தனை நடை என்று தெரியாமல். இல்லை, இல்லை என்றே சொல்லிப் பழகிய கை, கொடுத்தது. உள்ளே மரத்துக் கிடந்த இடத்தில் ஊசி குத்துவது போல ஏதோ சுரீரென்று திரும்பி வந்தது. வலித்தது. அவள் அழுதாள். நிஜமாகவே அழுதாள்.

“போதுமாங்க?”

“போதும்மா.” கொரகொரப்பு நின்றிருந்தது. “நல்லா இருக்கு.”

நாற்காலி முனகியது. பாரம் ஒன்று அதிலிருந்து இறங்கியது.

அவள் பின்னோக்கியே நகர்ந்தாள். நடைக்கு வந்தாள். படுக்கையறைக்கு வந்தாள். அங்கே அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முதல்முறையாக அவர் முகத்தில் ஏதோ இருந்தது.

“குடுத்துட்டியா?”

அவள் தலையாட்டினாள்.

“கதவச் சாத்து. சாத்தும்மா. சீக்கிரம்.”

கையைத் தூக்கப் பார்த்தாள். தூக்க முடியவில்லை. வந்த உணர்ச்சி, வந்த வழியே போய்க்கொண்டிருந்தது. விரல் நுனி. மணிக்கட்டு. முழங்கை. மறுபடி எல்லாம் மரத்தது.

நடையில் காலடி. ஈரமான காலடி. அவசரமில்லை.

அவர் படுத்துக்கொண்டார். போர்வையை இழுத்துத் தலைவரைக்கும் மூடிக்கொண்டார். போர்வைக்கடியில் அவர் இருப்பதே தெரியவில்லை. ஒரு மடிப்பு மாதிரி.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

அறை வாசல் இருண்டது. தரையில் தண்ணீர் மெல்ல அவள் பாதம்வரை வந்து தொட்டது. வெதுவெதுப்பாக. பாரமான, தளும்புகிற ஏதோ ஒன்று அவளுக்கு முன்னால் வந்து நின்றது. அவள் மடியில் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் நகரு,” என்றது. அன்பாக. அவருடைய குரல்.

அவள் நகர்ந்தாள்.

மெத்தை அமுங்கியது. கட்டில் முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்தது. போர்வையில் ஈரம் ஒரு விளிம்பிலிருந்து பரவ ஆரம்பித்தது. இடுப்பு. மார்பு. கழுத்து. முகம் இருந்த இடத்தில் துணி நனைந்து ஒட்டியது. வாய் இருந்த இடத்தில் உள்ளே போயிற்று. வெளியே வந்தது. உள்ளே போயிற்று.

வெளியே வரவில்லை.

போர்வைக்கடியில் இப்போது ஒரே உருவம். பெரிதாக. மெல்ல ஏறி இறங்கிக்கொண்டு. அதற்கப்பால், சுவரோரம், ஒரு மெலிந்த உலர்ந்த கை மட்டும் வெளியே நீண்டு கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விரல் விட்டது. அடுத்தது விட்டது. அதற்கடுத்ததும் விட்டது.

கடைசி விரல் மட்டும் விடவே இல்லை.